ஜே/109: ஒரே படகில் பந்தயமும் குடும்பப் பயணமும்

பந்தயத்துக்கும் குடும்பப் பயணத்துக்கும் ஒரே பாய்மரப் படகு என்று சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் சிரிப்பு வரும். அடுப்பும் கழிப்பறையும் சுமக்கிற படகு எங்கே ஓடப்போகிறது என்பார் பந்தயக்காரர். இப்படிச் சாய்ந்து ஓடுகிற படகில் பிள்ளைகளை எப்படித் தூங்கவைப்பது என்பார் பயணக்காரர். இருவரும் படகின் உடலைப் பார்த்தே பேசுகிறார்கள். 35 அடி அளவில் உண்மையான கேள்வி வேறு: எட்டுப் பேர் கையாளும் பாயை அடுத்த வாரம் இரண்டே பேர் கையாள முடியுமா? இதற்குப் பதில் சொல்ல ஜே/109 நல்ல படகு.

ஜே போட்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நியூபோர்ட்டில் இருக்கிறது. ராட் ஜான்ஸ்டன் வீட்டு கராஜில் கட்டிய 24 அடிப் படகை அச்சாகக் கொண்டு 1977-இல் தொடங்கியது. 1991-இல் வந்த ஜே/105-இல்தான் அந்தப் பெரிய மாற்றம் நடந்தது. அணியத்திலிருந்து வெளியே தள்ளி, வேலை முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும் கார்பன் கோல். அதன் நுனியில் அசிமெட்ரிக் ஸ்பின்னேக்கர், அதாவது பின்காற்றில் விரிக்கும், இரு பக்கமும் ஒரே வடிவில் இல்லாத பெரும்பாய். (அணியம் படகின் முன்பக்கம், அமரம் பின்பக்கம். நம் கடலோரத்தில் மீனவர் பேச்சில் இருக்கும் சொற்களை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுவானேன்.) அந்த ஏற்பாட்டை, உள்ளே நிமிர்ந்து நிற்க இடமுள்ள, அறைகள் உள்ள படகுக்குக் கொண்டுவந்ததுதான் 2000-களின் தொடக்கத்தில் வந்த ஜே/109. அமெரிக்காவில் வாரன் நகரிலும், பிரான்ஸில் லே சாப்ல் தொலோனிலும் கட்டினார்கள். இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணை, அயர்லாந்தின் டப்ளின் விரிகுடா, அமெரிக்கக் கிழக்குக் கரை ஆகிய இடங்களில் இன்றும் நிறைய ஓடுகின்றன.

மொத்த நீளம் 10.75 மீட்டர், நீர்க்கோட்டு நீளம் 9.3, அகலம் 3.51, நீருக்குள் ஆழம் 2.13 மீட்டர். எடை 4.95 டன்னை ஒட்டி. மெயின்செயிலும் (பாய்மரத்துக்குப் பின்னால் நிற்கும் முதன்மைப் பாய்) முன்முக்கோணமும் (பாய்மரத்துக்கு முன்னால் முன்பாய் நிற்கும் இடம்) சேர்ந்து ஏறக்குறைய 60 சதுர மீட்டர். ஸ்பின்னேக்கர் தனியாக நூறைத் தாண்டும். பாய்ப்பரப்புக்கும் எடைக்குமான விகிதம் 21. எடைக்கும் நீளத்துக்குமான விகிதம் 171. பயணத்துக்கென்றே கட்டும் இதே நீளப் படகுகளில் முதல் எண் பெரும்பாலும் 15 முதல் 17-க்குள் இருக்கும், இரண்டாவது 200-ஐத் தாண்டியிருக்கும். ஆக, எடைக்குப் பாய் தாராளமாக உள்ள, அதே சமயம் இறகு போல் இல்லாத படகு இது. ஆறு பேர் படுக்கலாம்.

விளிம்பில் உட்காரும் எடை

பந்தயத்தில் எட்டுப் பேர் காற்று வரும் பக்கத்து விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு 80 கிலோ என்றால் 640 கிலோ. படகின் நடுக்கோட்டிலிருந்து அவர்கள் 1.6 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்தால், படகை நிமிர்த்தும் திருப்புவிசை ஆயிரம் கிலோ-மீட்டரைத் தாண்டுகிறது. இதே படகில் கணவனும் மனைவியும் காக்பிட்டில் (படகை ஓட்டும் பள்ளமான தளத்தில்) உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகள் கீழே அறையில் இருந்தால்? 150 கிலோ, நடுவிலிருந்து ஒரு மீட்டர். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் வரும். கீலில், அதாவது படகின் அடியில் நீருக்குள் இறங்கும் கனமான தகட்டில், இருக்கும் எடை மாறவில்லை, பாய் மாறவில்லை; ஏறக்குறைய 0.9 டன்-மீட்டர் மட்டும் காணாமல் போய்விட்டது.

"பந்தயத்தில் நன்றாக ஓடியது, குடும்பத்தோடு போனால் முரண்டு பிடிக்கிறது" என்ற புலம்பலில் பாதிக்கு இதுதான் காரணம். முழு ஆளோடு 18 நாட் (மணிக்கு 18 கடல்மைல்) காற்று வரை முழு மெயின்செயிலும் ஜிப்பும் (முன்பாய்) வைத்து ஓட்டலாம். இரண்டு பேர் என்றால் 13, 14 நாட்டிலேயே முதல் ரீஃப் போட்டுவிட வேண்டும், அதாவது மெயின்செயிலின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைக்க வேண்டும். காற்றுமானியை விடச் சுக்கான் சக்கரம் தெளிவாகச் சொல்லும். நேராகப் போகவே சக்கரத்தைத் தொடர்ந்து ஒரு பக்கம் பிடித்திழுக்க வேண்டியிருந்தால், அல்லது சாய்வு 20 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால், பாய் அதிகம். சுக்கான் பலகை அந்தக் கோணத்தில் படகைத் திருப்புவதை விட்டுப் பிரேக்காக வேலை செய்கிறது. ரீஃப் போட்டபின் வேகம் குறையாமல் கால் நாட் கூடுவதும் உண்டு; நம்பாதவர்கள் ஒருமுறை ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டே செய்துபார்க்கலாம்.

ரீஃபுக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் பாய்மர உச்சியை அமரத்தோடு இழுத்துப் பிடிக்கும் கம்பியான பேக்ஸ்டேயை இறுக்குங்கள். பாய்மரம் வளைந்து மெயின்செயில் தட்டையாகும். அதே இழுப்பில் முன்கம்பி விறைத்து ஜிப்பும் தட்டையாகும். அடுத்து டிராவலரை (மெயின்செயிலின் கயிற்றைப் பக்கவாட்டில் நகர்த்தும் தடம்) காற்று மறைவுப் பக்கம் இறக்குங்கள். ஜிப் ஷீட் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) ஓடும் நகரும் கப்பி, அதாவது கார், இரண்டு துளை பின்னால் போகட்டும். பாயின் மேல்பகுதி திறந்து காற்றை விட்டுவிடும். இவை மூன்றும் செய்த பிறகும் சாய்கிறதென்றால் ரீஃப்.

ரீஃப் போடும் வரிசை மாறினால் பாய் கிழியும். மெயின்ஷீட்டையும், பூமைக் (மெயின்செயிலின் அடியிலுள்ள கம்பம்) கீழே இழுத்துப் பிடிக்கும் வாங்கையும் முழுதாகத் தளர்த்த வேண்டும். பாயை ஏற்றும் கயிறான ஹேலியார்டை முன்பே நூல் சுற்றி வைத்த அடையாளம் வரை இறக்கி, முன்விளிம்பு வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஹேலியார்டைத் திரும்ப இறுக்க வேண்டும். அதன்பிறகே பின்விளிம்புக் கயிற்றை வின்ச்சில் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) இழுக்க வேண்டும். பாயின் பின்மூலை பூமோடு ஒட்டி, பின்னாலும் இழுபட்டு நிற்கும்வரை. கடைசியில் மெயின்ஷீட், வாங். பெரும்பாலானோர் மறப்பது வாங்கைத்தான். அது இறுகியிருந்தால் பூம் மேலே எழாது, பின்விளிம்புக் கயிறு வராது. வரவில்லையே என்று வின்ச்சில் இன்னும் இரண்டு சுற்று வைப்பார்கள், பாயில் தையல் விடும். இன்னொன்று: முன்விளிம்பை இறுக்கும் முன்பே பின்விளிம்பை இழுத்தால் மொத்தச் சுமையும் கொக்கிக்கு மேலுள்ள முதல் சறுக்கியில் விழுந்து அது பிய்ந்துகொள்ளும்.

ஜிப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாய்மரத்தை அதிகம் தாண்டாத 105 சதவீத ஜிப்பே குடும்பத்துக்குப் போதும். டாக் அடிக்கும்போது, அதாவது அணியத்தைக் காற்றின் ஊடே மறுபக்கம் திருப்பும்போது, வின்ச் கைப்பிடிக்கே வேலை குறைவு. ஜெனோவா எனும் பெரிய முன்பாய் கொண்ட படகுகளும் சந்தையில் உண்டு. லேசான காற்றில் அது வேகம் தரும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் தோளைக் கேட்கும்.

ஸ்பின்னேக்கர்

பழைய சமச்சீர் ஸ்பின்னேக்கருக்குப் பாய்மரத்திலிருந்து ஒரு கம்பம், அதற்கு மேலே கீழே கயிறு, முன்தளத்தில் ஆடிக்கொண்டு நிற்க ஓர் ஆள். இங்கே அது எதுவும் இல்லை. பாயின் முன்மூலை கோல் நுனியில், மற்ற எல்லாம் காக்பிட்டிலிருந்து. இரண்டு பேர் படகில் இந்தப் பெரும்பாயை எடுக்கத் துணிவதே இதனால்தான்.

விலையும் உண்டு. இந்தப் பாயை வைத்து நேர் பின்காற்றில் ஓட முடியாது. மெயின்செயிலின் மறைவில் மடிந்துவிடும். காற்று வரும் திசைக்கு 145 டிகிரியில் வளைந்து வளைந்து போகிறோம் என்றால், நேர்வழியை விட 22 சதவீதம் அதிகத் தூரம். நேராக 6 நாட்டில் போகக்கூடிய இடத்தில் 7.3 நாட்டாவது ஓடினால்தான் சமம். பத்து நாட் காற்றில் இந்தப் படகு அதை எளிதாக ஈடுகட்டும், ஏனென்றால் காற்று வரும் திசையை நோக்கிச் சற்றே திரும்பினால் படகே தனக்குக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. பதினெட்டு நாட் காற்றில் படகு ஏற்கெனவே தன் உடல்வேகமான 7.4 நாட்டைத் தொட்டிருக்கும். கூடுதல் கோணம் கூடுதல் வேகத்தைத் தராது. அப்போது முடிந்தவரை நேர் பின்காற்றை நெருங்கி, 160-ஐ ஒட்டி ஓட்டுவதே லாபம். ஒரே கோணத்தை மனப்பாடம் செய்துகொண்டு எல்லாக் காற்றிலும் ஓட்டுகிறவர்கள் இங்கேதான் நிமிடங்களை இழக்கிறார்கள்.

ஏற்றுவது இப்படி: படகை 140-க்கும் 150-க்கும் இடையில் திருப்பி நிறுத்துங்கள். கோலை வெளியே தள்ளி, அது முழுதாகப் போய்விட்டதா என்று கயிற்று அடையாளத்தைப் பாருங்கள். முன்மூலையைக் கோல் நுனிவரை இழுத்துவிட்டு ஹேலியார்டை ஒரே மூச்சில் ஏற்றுங்கள். தலை மேலே போய்ச் சேரும்வரை ஷீட்டைத் தொடாதீர்கள். பாதியில் காற்று பிடித்தால் மீதியை வின்ச்சில் அரைத்து ஏற்ற வேண்டியதாகும். ஜிப்பைச் சுருட்டுவது கடைசி வேலை. அது விரிந்திருக்கும்வரை ஸ்பின்னேக்கர் முன்கம்பியைச் சுற்றிக்கொள்ளாது.

குடும்பப் படகில் ஸ்நஃபர் எனும் துணிக்குழாய் வைத்துக்கொள்வது நல்லது. பாய் குழாய்க்குள் நீண்ட புடலங்காய் போல மேலே ஏறும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்தபின் குழாயை மேலே இழுத்தால் விரியும். பந்தயத்தில் அது கூடுதல் எடை, கூடுதல் நேரம், கழற்றிவிடுங்கள்.

ஜைப் அடிப்பதில், அதாவது அமரத்தைக் காற்றின் ஊடே மறுபக்கம் திருப்புவதில், இரண்டு வழி. சும்மா இருக்கும் ஷீட்டை முன்கம்பிக்கும் பாயின் முன்விளிம்புக்கும் நடுவே விட்டால் உள்வழி. பாய்க்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் வெளியே விட்டால் வெளிவழி. உள்வழி வேகம், ஷீட் நீளம் படகைப் போல இரண்டு மடங்கு, அதாவது 21.5 மீட்டர் போதும். ஆனால் இரண்டு பேர் நிதானமாகச் செய்யும்போது, குறுகிய இடைவெளியில் அவ்வளவு துணியும் சிக்கி முறுக்கிக்கொள்வது அதிகம். காற்று ஓரளவு இருந்தால் வெளிவழி எளிது. ஷீட் இன்னும் சில மீட்டர் நீளம் வேண்டும். அதன் ஆபத்து ஒன்றே: தளர்ந்த ஷீட் கோல் நுனிக்கு அடியில் விழுந்து படகின் கீழே போய்விடும். பாயின் முன்மூலையில் முழ நீளத்துக்கு ஒரு வளையும் பட்டையைத் தைத்து முன்னோக்கி நீட்டிவைத்தால் ஷீட் அதன்மேல் தங்கும்.

இறக்குவதில்தான் பயம் வரும். ஜிப்பை விரித்து, படகை 150, 160 டிகிரிக்குத் திருப்பினால் ஸ்பின்னேக்கர் மெயின்செயிலின் நிழலுக்கு வரும். காற்று கூடிவிட்டதென்றால் இன்னொரு முறை உண்டு: சும்மா இருக்கும் ஷீட்டை மெயின்செயிலின் அடிவிளிம்புக்கும் பூமுக்கும் இடையிலுள்ள சந்து வழியாக இழுத்து, முன்மூலையை விட்டுவிட்டு, பாயை அந்தச் சந்து வழியே, அறைக்கு இறங்கும் படிக்கட்டுக்குள் உருவுவது. மெயின்செயிலின் அடிவிளிம்பு பூமோடு பிணைக்கப்படாமல் தளர்வாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். பாயைக் காற்று உதற முடியாது, கடலில் விழ முடியாது. ஹேலியார்டை விடுகிறவர் வின்ச்சில் ஒரு சுற்று வைத்து, இழுப்பவரின் வேகத்துக்குத்தான் விட வேண்டும். மொத்தமாக விட்டால் மீன்வலை போட்டதுபோல் பாய் தண்ணீரில் இழுபடும். ஐந்து டன் படகு அதை இழுத்துக்கொண்டே ஓடும்போது கையால் எடுக்க முடியாது.

படகு காற்றை நோக்கிப் பிய்த்துக்கொண்டு திரும்பத் தொடங்கினால் முதலில் விட வேண்டியது வாங். பூம் நுனி தண்ணீரில் பட்டுவிட்டால் மெயின்ஷீட்டை விட்டும் பயனில்லை. அதனால் வாங் கயிறு எப்போதும் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில், கயிற்றைப் பிடித்திருக்கும் கிளீட்டில் ஒரே இழுப்பில் விடுபடும்படி. இரண்டு பேர், பிள்ளைகள் உடன் இருக்கும் படகில் 12 நாட் காற்று வரை இந்தப் பாய் மகிழ்ச்சி. 15-ஐத் தொடும் முன்பே இறக்கிவிடுங்கள்.

ஏற்றுவதும் இறக்குவதும்

நீர்க்கோட்டுப் பரப்பை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், 190 கிலோ ஏற்றினால் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழும். ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பயணத்துக்குப் போய்வந்த படகைத் துழாவினால் அரை டன் எளிதாகக் கிடைக்கும்: 8 மில்லிமீட்டர் சங்கிலி 30 மீட்டர் 42 கிலோ, 16 கிலோ நங்கூரம், காற்றடைத்த சிறுபடகும் அதன் மோட்டாரும் சேர்ந்து 40-ஐத் தாண்டும், தொட்டியில் தங்கிய தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, டீசல், கருவிப்பெட்டி, டப்பா உணவு, எப்போதோ வாங்கிய இரண்டாவது கயிற்றுச் சுருள்.

எடையின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம். அணியத்திலும் அமரத்திலும் உள்ள எடை, அலையில் படகைத் தராசுபோல் ஆட்டும். சங்கிலியை அணியத்து அறையிலிருந்து எடுத்துப் பாய்மரத்தின் அடியில், தரைப்பலகைக்குக் கீழே வைப்பது பந்தயத்துக்கு முன் செய்யும் வேலைகளில் அதிகப் பலன் தருவது. முழுச் சங்கிலிக்குப் பதில் 10 மீட்டர் சங்கிலியும் 14 மில்லிமீட்டர் நைலான் கயிறும் வைத்துக்கொண்டால் பயணத்திலும் பாதி வலி குறையும். கட்டி வைக்காத கனம் எதுவும் இருக்கக் கூடாது. படகு திடீரென்று சாயும்போது பேட்டரியும் நங்கூரமும் பறக்கும்.

எதையெல்லாம் இறக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. எடை பார்த்தபோது படகில் இருந்த மேசை, கதவு, தரைப்பலகை ஆகியவற்றைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் பந்தயம் ஓட விதிகள் இடம் தருவதில்லை. கழற்ற வேண்டியது நாமே சேர்த்த சரக்கைத்தான்.

வெவ்வேறு படகுகள் ஓடும் பந்தயங்களில் படகுகளைச் சமன்செய்யும் ஐஆர்சி முறைப்படி ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெருக்கெண். ஓடிய நேரத்தை அதனால் பெருக்க வேண்டும். ஜே/109-க்கு அது பொதுவாக ஒன்றுக்குச் சற்று மேல். பாய் அளவைப் பொறுத்து மாறும். 1.015 என்று வைப்போம். நாலு மணி நேரம் ஓடினால் கணக்கில் 4 மணி 3 நிமிடம் 36 விநாடி. 0.980 உள்ள சிறிய படகு நமக்குப் பின்னால் எட்டரை நிமிடம் கழித்து வந்தாலும் ஏறக்குறைய சமம். அந்த எட்டரை நிமிடத்தைப் பாசி படிந்த அடிப்பாகமும் அரை டன் சரக்கும் சத்தமில்லாமல் தின்றுவிடும். கெட்டியான வகை அடிப்பூச்சு பூசி, 400 அல்லது 600 எண் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவது புதுப் பாய் வாங்குவதைவிட மலிவு.

வாங்கப் போகிறவர்கள் தட்டிப்பார்க்க வேண்டிய இடங்கள்

இந்தப் படகுகளின் உடலும் தளமும் கண்ணாடியிழை இரண்டு அடுக்குக்கு நடுவே பால்சா கட்டை. நார் நிற்கும் திசையில் நறுக்கிய துண்டுகள். லேசானது, விறைப்பானது, தண்ணீர் படாதவரை அருமையானது. தண்ணீர் வரும் வழிகள் தெரிந்தவைதான்: பாதுகாப்புக் கம்பிகளின் அடித்தட்டு, டிராவலர் போல்ட், வின்ச் அடி, பிறகு எந்த முதலாளியோ துளையிட்டு மாட்டிய கோப்பைத் தாங்கி. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும், அடுக்கு விட்ட இடம் மொத்தென்று ஒலிக்கும். ஈரமானியும் வையுங்கள், ஆனால் உலோகத்துக்கு மேலும் மழை பெய்த மறுநாளும் அது பொய் சொல்லும்.

ஒரு போல்ட்டை முறையாக மாற்றும் வழி: 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் மேலடுக்கையும் பால்சாவையும் மட்டும் 18, 20 மில்லிமீட்டருக்குத் துளையிடுங்கள்; கீழடுக்கைத் துளைக்காதீர்கள். ஈரக் கட்டையைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். கீழே பழைய துளையை டேப்பால் அடைத்து, முதலில் வெறும் எபாக்ஸியைத் தடவிக் கட்டை குடிக்க விடுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை மேல்மட்டம் வரை நிரப்புங்கள். ஒரு நாள் இறுகியபின் நடுவில் 8 மில்லிமீட்டர் துளை. துளையின் மேல்விளிம்பைச் சற்றே சரிவாகக் குடைந்து, பியூட்டைல் டேப் சுற்றி இறுக்குங்கள். இனி கசிந்தாலும் தண்ணீர் தொடுவது எபாக்ஸியைத்தான், கட்டையை அல்ல. வெறும் சீலன்ட்டைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் பட்டறை மூன்றாவது ஆண்டில் மறுபடி உங்களிடமிருந்து சம்பாதிக்கும்.

கோல் வெளியேறும் வாயிலில் எல்லாப் படகிலும் கொஞ்சம் தண்ணீர் வரும். கோல் வெளியே இருக்கும்போது அலை அடித்தால் அதிகம் வரும். ஒரே வகைப் படகுகளின் பந்தய விதிகள் பல, ஸ்பின்னேக்கர் ஏற்றும் நேரத்துக்கு மட்டுமே கோலை நீட்ட விடுவது இதற்கும் சேர்த்து வசதியாகிவிட்டது. பார்க்க வேண்டியது, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதை. முன்னறை மெத்தைக்கு அடியில் கறை இருந்தால் வடிகால் அடைத்திருக்கிறது. கோலின் பின்முனை வந்து முட்டும் தடுப்புச் சுவரில் மயிர்க்கோடு விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கீல் உடலோடு சேரும் கோட்டில், முன்முனையில், புன்னகைபோல ஒரு வளைந்த விரிசல் தெரிந்தால் அவசரப்பட்டுப் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். படகு தரைதட்டிய வரலாற்றைக் கேளுங்கள். மோதலில் கீலின் பின்முனை மேல்நோக்கி உடலைக் குத்தும்; சேதம் உள்ளே, கீலுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டங்களில்தான் முதலில் தெரியும். தரைப்பலகைகளை எல்லாம் தூக்கி, சட்டங்கள் உடலோடு ஒட்டும் ஓரத்தில் விரலை ஓட்டிப்பாருங்கள். 2014 மே மாதம் 'சீக்கி ரஃபிகி' என்ற 40 அடிப் படகு, இது வேறு நிறுவனத்தின் பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 வகை, வட அட்லாண்டிக்கில் கீல் கழன்று நான்கு பேரும் மறைந்தார்கள். முந்தைய தரைதட்டல்களும் அவற்றுக்குச் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கீல் பிணையும் இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்பது பிரிட்டனின் கடல்விபத்து விசாரணைப் பிரிவின் முடிவு. வகை வேறு, பாடம் எல்லாப் படகுக்கும்: "லேசாகத் தட்டியது" என்று விற்பவர் சொன்னால், அதற்குப் பிறகு யார் பார்த்தார், எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

சுக்கான் பலகையின் அடிநுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டொக்டொக் என்று சத்தம் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆடாமல் சக்கரம் கனமாக இருந்தால் நைலான் பேரிங் நீர் குடித்து உப்பியிருக்கலாம். அதில் கிரீஸ் போட்டால் நிலைமை மோசமாகும். நல்ல தண்ணீரால் கழுவுவதே முதல் மருந்து.

இயந்திரம் பெரும்பாலும் மூன்று சிலிண்டர் யான்மார் டீசல், செயில்டிரைவ் காலோடு (உந்துவிசிறியைச் சுமக்கும் செங்குத்துக் கால்). அந்தக் கால் படகின் அடியில் ஒரு பெரிய துளை வழியே இறங்குகிறது. கடலைத் தடுப்பது ஒரு ரப்பர் வளையம். யான்மார் கையேடு அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. நடைமுறையில் ஐந்து முதல் ஏழு ஆண்டுவரை விடுகிறார்கள். மாற்ற இயந்திரத்தை முன்னே நகர்த்த வேண்டும், கூலி அதிகம். ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்று வைத்து விலை பேசுங்கள். கியர் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்டு சீல் போய்விட்டது. காலில் உள்ள துத்தநாக ஆனோடு (தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் கட்டி) பாதிக்குமேல் கரைந்திருந்தால் அடுத்து கரைவது அலுமினியக் கால்தான்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குப் பத்து ஆண்டு ஆனதும் காப்பீட்டு நிறுவனங்கள் கேள்வி கேட்கும். முறுக்குக் கம்பியில் ஓர் இழை அறுந்தால் கண்ணில் படும். ராட் எனப்படும் ஒற்றைக் கம்பி அப்படி முன்னறிவிப்புத் தராது; ஐந்தாறு ஆண்டுக்கொருமுறை கழற்றி அதன் தலைப்பகுதிகளைச் சோதிக்க வேண்டும். ஓட்டிப்பார்க்கும்போது 12 முதல் 15 நாட் காற்றில் மறைவுப்பக்கத்துப் பெரிய கம்பி லேசாகத் தொய்ந்து நின்றால் இழுவை சரி. கயிறுபோல ஊசலாடினால் தளர்வு.

2.13 மீட்டர் ஆழத்தோடு வாழ்வது

இந்தக் கீல் பந்தயத்தில் தரும் பிடிப்புக்குப் பயணத்தில் கட்டணம் கட்ட வேண்டும். ஆங்கிலக் கால்வாயின் இரு கரையிலும் வற்றத்தில் தரை தெரியும் துறைமுகங்கள் நிறைய. இரட்டைக் கீல் படகுகள் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும்; இது விழும். ஆகவே பயணத் திட்டம், வற்றத்திலும் 2.5 மீட்டராவது இருக்கும் இடங்களைச் சுற்றியே போட வேண்டும்.

நங்கூரம் போடுவதில் ஒரு தொல்லை: கோல் அணியத்தில் இடம் பிடித்திருப்பதால் நங்கூர உருளை ஓரமாகவும் குட்டையாகவும் இருக்கும். நங்கூரத்தைத் தூக்கும் கடைசி இரண்டு மீட்டரில் அதன் முனை படகின் பக்கத்தில் அடித்துச் சிராய்க்கும். தண்ணீர் மட்டத்திலேயே நிறுத்தி, ஊசல் அடங்கியபின் தூக்குங்கள். கயிறு கலந்து வைத்திருப்பவர்கள் ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் சேர்த்து அதைப் போல ஆறு, ஏழு மடங்கு விட வேண்டும். 5 மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் அணியம், ஏற்றத்தில் கூடும் 3 மீட்டர்: 9 மீட்டருக்கு 54 முதல் 63. முழுச் சங்கிலி என்றால் நான்கு மடங்கு போதும்.

பிள்ளைகளுடன் முதல் கடல்தாண்டலுக்குச் சோலன்ட்காரர்கள் தேர்ந்தெடுப்பது, கால்வாயின் மறுகரையில் பிரான்ஸிலுள்ள ஷெர்பூர்க். சோலன்ட்டின் மேற்கு வாயிலிலுள்ள நீடில்ஸ் பாறைகளிலிருந்து சுமார் 60 கடல்மைல். ஆறரை நாட்டில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ஏற்றத்திலும் வற்றத்திலும் துறைமுகத்தில் ஆழம் போதும், இரவிலும் நுழையலாம். படுக்கைகளுக்குத் துணித்தடுப்பு கட்டுங்கள், இல்லையேல் ஒவ்வொரு டாக்குக்கும் பிள்ளை உருளும். உயிர்காப்பு அங்கியில் கவட்டுப் பட்டை கட்டாயம். அது இல்லாமல் தண்ணீரில் விழுந்தால் அங்கி மேலே வரும், பிள்ளை கீழே நழுவும். மெல்லிய வலையைப் பாதுகாப்புக் கம்பிகளில் கட்டினால் பொம்மைகளும் தப்பும்.

கால்வாயில் நீரோட்டம் கிழக்கே ஆறு மணி, மேற்கே ஆறு மணி என்று மாறி மாறி ஓடும். ஷெர்பூர்க்கை நோக்கியே அணியத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் படகு எஸ் வடிவில் நெளிந்து கூடுதல் மைல் ஓடும். பயணம் முழுமைக்கும் கிழக்கு ஓட்டத்தையும் மேற்கு ஓட்டத்தையும் மணிக்கு மணி கூட்டிக் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் ஒரே திசைத்திருத்தம் வைத்து, நடுவில் பக்கவாட்டில் பல மைல் அடித்துச்செல்ல விட்டுவிடுங்கள். கடைசி ஐந்து மைலில் மட்டும் கவனம் வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தக் கரையோரம் ஓட்டம் 3 நாட்டைத் தாண்டும். வாயிலுக்கு ஓட்டம் வரும் பக்கமாகப் போய்ச் சேர்ந்தால் அதுவே உள்ளே தள்ளிக்கொண்டு போகும். மறுபக்கம் தவறிப்போனால் 6 நாட் படகு தரைக்கு மேல் 3 நாட்டில் ஊர்ந்து, கடைசி ஐந்து மைலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.